ஒரு ‘த்தெ’யின் மேல் போட்ட வழக்கு

தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். ஒரு மாதம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷமாக மைசூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, முன்னே போங்க முன்னே போங்க என்று கத்தியே சம்பளம் வாங்கியவளிடம் இப்படிச் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் முகத்தில் இத்தனை நிம்மதியைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

பேச முடியாவிட்டால் என்ன, எழுதலாமே என்று தோன்றியது. யாருக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரே ஹாலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோமே, அந்த முப்பது பேருக்குத்தான். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்லுங்கள். பெற்றவர்கள் இல்லாத பெண் பிள்ளைகளையும், இருந்தும் வைத்துப் பார்க்க முடியாதவர்களின் பிள்ளைகளையும் வளர்த்த ஹோம் அது. உங்களில் சிலர் பேத்தி எடுத்துவிட்டீர்கள். சிலர் அந்தக் காலத்தைக் கிளறாதே என்கிறீர்கள், அதுவும் புரிகிறது. அதனால் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஆனால் என்மேல் போட்ட திருட்டு வழக்கை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். போன வருஷம் ஒருத்தியின் மகள் கல்யாணப் பந்தியில் என்னிடமே அதைச் சொன்னார்கள். நான் போலீஸ் ஸ்டேஷன் மதிலைத் தாண்டிக் குதித்தேனாம். பன்னிரண்டு வயதில் நான் இருந்த இருப்புக்கு ஒரு சாக்கடையைத் தாண்டியிருந்தாலே பெரிய விஷயம்.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பாவும் அம்மாவும் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். மாதேஸ்வரன் மலை வழியாகக் கொள்ளேகால், அங்கே பஸ் மாறி மைசூர். வந்த நாலாம் மாதம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா, மங்களூர்ப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, பத்து நாளில் வந்துவிடுவேன் என்று மேஸ்திரியோடு போனார். பத்து நாள் இரண்டு மாதமானது. சைட்டில் இருந்தவர்களும் எத்தனை நாள்தான் எங்களுக்குச் சோறு போடுவார்கள்? யாரோ சொல்லி, யாரோ கையெழுத்துப் போட்டு, நானும் ஆறு வயதுத் தங்கையும் ஹோமுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா பிறகு வந்தார். அது தனிக் கதை, அதில் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஹோம் என்றதும் எனக்கு முதலில் மூக்கில்தான் ஏறுகிறது. காலையில் ஃபினாயில், மத்தியானம் ராகி மாவு வேகும் வாசனை, சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவர்களின் கரியும் சந்தனமும். நம் தட்டுகளில் ஆணியால் நம்பர் குத்தியிருப்பார்கள். என்னுடையது பத்தொன்பது. அந்தத் தட்டு எங்கே போயிற்றோ, இப்போது யாராவது கொண்டுவந்து கொடுத்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். முதல் நாள் அதில் ஒரு கரிய உருண்டையை வைத்தார்கள். தங்கை அதைக் கடித்து மென்றாள், வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு அழுதாள். சமையல்கார அக்கா ஓடிவந்து, மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்க வேண்டும் என்று ஜாடை காட்டி, அதற்கு ‘முத்தெ’ என்று பெயர் சொல்லிக்கொடுத்தாள். சரியாகச் சொல்கிற வரைக்கும் குழம்பு ஊற்ற மாட்டாள். பசியோடு கற்றுக்கொண்ட பாடம், நாக்கு தவறாது.

தங்கை என்னை விட்டு ஒரு வாய் சாப்பிட மாட்டாள். பாயில் படுத்தால் என் தாவணி நுனியை முஷ்டியில் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அம்மா போன பிறகு வந்த பழக்கம் அது. வார்டன் அம்மா பார்த்துவிட்டுத் திட்டாமல் போவார். வார்டன் அம்மா கன்னடத்துக்காரர், பாசம் உள்ளவர், அதைவிடப் பயம் அதிகம் உள்ளவர். காவிரித் தகராறு நடந்து முடிந்த மறு வருஷம் அது. தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேரையும் கூப்பிட்டு, ஹோம் வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை தமிழ் வாயில் வரக் கூடாது, தெரிந்த கன்னடத்தில் பேசுங்கள், தெரியாவிட்டால் பேசாதீர்கள் என்று உத்தரவு போட்டார். நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அதனால் வந்த வினை என்ன என்று அவருக்குக் கடைசி வரை முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை.

தசராவுக்கு முந்தின வாரம் ஒரு புண்ணியவதி நமக்கெல்லாம் கண்ணாடி வளையல் வாங்கித் தருவதாகச் சொல்லி மண்டி மொஹல்லாக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாரே, நினைவிருக்கிறதா? முப்பது பேரும் கைகோத்து வரிசையாகப் போனோம். ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாம் நம்மைத் திட்டிக்கொண்டே வழிவிட்டார்கள். சந்து முழுக்க வெல்ல மூட்டையும் மிளகாய் நெடியும். வளையல் கடைக்குள் ஒரு தடவைக்கு ஐந்து பேர்தான் நுழைய முடியும். எனக்கு நீல நிறத்தில் ஒரு டஜன் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் என் கை எலும்பை அழுத்தி வளையலை ஏற்றிய வலிகூட இனித்தது. அம்மா இருந்தபோதும் எனக்குக் கை நிறைய வளையல் இருந்ததில்லை.

கடையின் அந்தப் பக்கம் வெள்ளிச் சாமான். யாரோ வாடிக்கைக்காரர்களுக்காக ஒரு தட்டு நிறையக் கொலுசை எடுத்து வைத்திருந்தார்கள். நான் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு வளையல் அளவு கிடைக்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு வெளியே போய், தெருவில் நின்றிருந்த ஆட்டோவுக்குப் பின்னால் குத்தவைத்து, உடைந்த வளையல் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோ உறுமியது. பின்னால் வந்தது. அவளைத் தேடிக் கடை வாசலுக்கு வந்த நான் பார்த்தது அவள் தலையையும் அந்தச் சக்கரத்தையும்தான்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று யோசித்துக் கத்தவில்லை. தமிழா கன்னடமா என்றும் பார்க்கவில்லை. சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது என்று பிறகு சொன்னார்கள். ஆட்டோ நின்றது. நான் ஓடிப்போய்த் தங்கையை இழுத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கையில் வளையல் துண்டு பத்திரமாக இருந்தது.

அதே நேரத்தில் கடைக்குள்ளே ஒரு ஜோடி கொலுசு குறைந்திருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் யார், ஹோம் பெண். கூச்சல் கேட்டதும் ஓடியவள் யார், அவளேதான். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் என்னைச் சோதித்தார். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி வாங்கி வைத்தார். நீல வளையல் பன்னிரண்டும் அதோடு போயின. பிறகு ரைட்டர் என்னை அழைத்தார். ஸ்டேஷனில் புகாரும் வாக்குமூலமும் எழுதுகிறவருக்கு ரைட்டர் என்று பெயர். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் நிதானமாக, குழந்தைக்குக் கேட்பது போலக் கன்னடத்தில் கேட்டார்: “அல்லி ஏனு மாடிதெ?” அங்கே என்ன செய்தாய் என்று அர்த்தம்.

வார்டன் அம்மா உத்தரவு தலையில் நின்றது. தமிழ் கூடாது. எனக்கு வந்த கன்னடம் எவ்வளவு? வந்தேன் என்றால் பந்தெ, தின்றேன் என்றால் திந்தெ. நம்முடைய வார்த்தையின் வாலை வெட்டி ஓர் ‘எ’ போட்டால் கன்னடம் என்று எட்டு மாதத்தில் நானே கண்டுபிடித்து வைத்திருந்த சூத்திரம். கத்தினேன் என்பதற்குக் கன்னடம் தெரியவில்லை. சூத்திரப்படி செய்தேன்.

“நானு கத்தெ,” என்றேன்.

இங்கே கொஞ்சம் இலக்கணம், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தங்கையும் சித்தி, தவம் செய்தவருக்குக் கிடைப்பதும் சித்தி. தமிழில் எழுத்து ஒன்றுதான், வாயில் சத்தம்தான் வேறு. முதலாவதை அழுத்திச் சொல்கிறோம், இரண்டாவதை மெத்தென்று சொல்கிறோம். கன்னடத்தில் இரண்டு சத்தத்துக்கும் தனித்தனி எழுத்து. அங்கே ‘கத்தெ’யை மெத்தென்று சொன்னால் ‘திருடினேன்’. அழுத்திச் சொன்னால் அர்த்தமே வேறு, அதை வேண்டிய இடத்தில் சொல்கிறேன். நான் சொன்னது அழுத்தமான ‘த்தெ’. ஆனால் ரைட்டர் பல வருஷமாகத் தமிழ் கூலிக்காரர்களோடு பேசிப் பழகியவர். தமிழர்களுக்கு அந்த மெத்தென்ற எழுத்து நாக்கில் வராது, எல்லாவற்றையும் அழுத்தித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். எனவே என் உச்சரிப்பை அவர் பெருந்தன்மையாகத் திருத்தி எழுதிக்கொண்டார்.

என்னிடம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னேன். அது சரியான கன்னடம், சரியாகவே விளங்கியது. திருடினாளாம், ஆனால் கையில் இல்லையாம். அப்படியானால் “யாரிகெ கொட்டெ?” என்றார். யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். எனக்கு ‘யாருக்கு’ மட்டும் விளங்கியது. யாருக்காகக் கத்தினாய் என்று கேட்கிறார் என்று நினைத்து, தங்கைக்கு என்றேன். அதையும் எழுதினார். என் கட்டைவிரலை மையில் அழுத்தி அடியில் வைத்துக்கொண்டார். நான் கை வலிக்க எழுதக் கற்றிருந்தவள், உனக்கு எழுதத் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை.

வார்டன் அம்மா வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிப்போனார். மறுநாள் போலீஸ் ஹோமுக்கு வந்து தங்கையின் பாயை உதறியது, அவள் துணி மூட்டையை அவிழ்த்தது. ஆறு வயதுப் பிள்ளையைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் நான் பேசவில்லை. வேண்டுமென்று எடுத்த சபதம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தேன், இது வந்தது. இன்னொரு தடவை திறந்தால் இன்னும் என்ன வருமோ என்று பயம். கொலுசை எடுத்தாயா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவேன். ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டாயே என்பார்கள். எப்போது ஒத்துக்கொண்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. போலீஸ் நினைத்ததை எழுதிக்கொள்ளும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்போது நீங்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு மறக்கவில்லை. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கித் தரச் சொல்லி வார்டன் அம்மாவிடம் அழுதது யார்? இப்போது மைசூரிலேயே பெரிய கேட்டரிங் நடத்துகிறாயே, நீதான். எனக்குக் கோபமில்லை. நீயும் உன் பெட்டியில் ஒரு சீப்பும் அம்மா ஃபோட்டோவும் தவிர எதுவும் இல்லாதவள், அதுவும் போய்விட்டால் என்று பயந்தாய். என் பாய்க்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் இடைவெளி விட்டுப் படுத்தீர்கள். நடுவில் நானும் தங்கையும் மட்டும். இடம் தாராளமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான பயம் வேறு. சின்னப் பிள்ளைகள் வழக்கை விசாரிக்கத் தனிக் கோர்ட் உண்டு. அங்கே குற்றம் உறுதியானால் என்னை வேறு ஊரிலுள்ள ஹோமுக்கு அனுப்புவார்கள், ஒரு நாள் பஸ் பயணம் என்று சமையல்கார அக்கா சொன்னாள். தங்கை குற்றவாளி இல்லை, அதனால் அவள் இங்கேயே. வார்டன் அம்மா ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று அங்கே சொல்லிவிடு, சின்னப் பெண் என்று கண்டித்து அனுப்பிவிடுவார்கள் என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். என்னைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அதுதான். நானும் தலையை ஆட்டிவிட்டேன். செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் தங்கையோடு இருக்கலாம் என்றால், சொல்லிவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

அந்த நிலையில்தான் புரொபேஷன் மேடம் வந்தார். வழக்கில் மாட்டிய பிள்ளைகளின் வீடு, வளர்ப்பு எல்லாவற்றையும் விசாரித்துக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரி அவர். நான் என்னவோ பெரிய உருவமாக எதிர்பார்த்தேன். ஒல்லியாக, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நஞ்சன்கூட்டிலிருந்து காலை ரயிலில் வருவார், ரயில் தாமதமானால் ஓட்டமாக வருவார். பையில் அவர்கள் ஊர் ரசபாளெ வாழைப்பழம் இருக்கும். முதல் இரண்டு தடவை வந்தபோது கொலுசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழத்தைக் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, தன் அம்மாவுக்கும் தனக்கும் நடக்கும் சண்டைகளைப் பற்றிக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை என்பதற்காக அவர் நிறுத்தவும் இல்லை.

மூன்றாவது தடவை வந்தபோது அவரைக்காய் சீசன் தொடங்கிவிட்டது. நாம் எல்லாரும் சமையலறையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைப் பருப்பை விரலால் பிதுக்கித் தோல் நீக்கிக்கொண்டிருந்தோம். மேடமும் உட்கார்ந்து பிதுக்கினார். விரல் நுனி வழுக்கும், வீடெல்லாம் அந்தப் பச்சை வாசனை. என் பக்கத்தில் இருந்த தங்கையிடம் பேச்சுவாக்கில், அன்றைக்குக் கடையில் அக்கா என்ன செய்தாள் என்று மேடம் கேட்டார். தங்கைக்குள் கன்னடம் என்னைவிட வேகமாக நுழைந்திருந்தது. பெருமையாகச் சொன்னாள்:

“அக்கா கத்திதளு. ஆட்டோ நிந்தோயித்து.”

அக்கா கத்தினாள், ஆட்டோ நின்றுவிட்டது. மேடம் கையில் இருந்த பருப்பைப் பிதுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். திருடினால் ஆட்டோ ஏன் நிற்க வேண்டும்? அதோடு ‘கத்திதளு’ என்று கன்னடத்தில் ஒரு வார்த்தையே கிடையாது. அப்படி என்றால் என்ன என்று தங்கையிடம் கேட்டார்.

தங்கைக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. எனவே செய்து காட்டினாள். வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கத்தல். சமையல்கார அக்கா கரண்டியைக் கீழே போட்டாள். வார்டன் அம்மா எங்கிருந்தோ ஓடிவந்தார். மேடம் மட்டும் அசையவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பி, நீ ஸ்டேஷனில் சொன்னது இதைத்தானா என்று, வாயைத் திறந்து காட்டிக் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மேடம் அந்த ஈரக் கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார். நீங்கள் எல்லாரும் ஒன்றும் புரியாமல் பார்த்தீர்கள். என் முகத்தில் அவரைத் தோல் ஒட்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரி என் பாயின் இரண்டு பக்க இடைவெளியும் அரை முழமாகக் குறைந்தது.

ஆனால் சமையலறையில் புரிந்தது கோர்ட்டில் புரிய வேண்டுமே. என் கட்டைவிரல் ரேகைக்கு மேலே கன்னடத்தில் ‘திருடினேன்’ என்று எழுதியிருக்கிறது. விசாரணை நாளன்று ஒரு சாதாரண அறையில், நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாஜிஸ்திரேட். இரண்டு பக்கமும் சமூக சேவகிகளாக இரண்டு பெண்கள். அவர்களில் ஒருவர் வைரத் தோடும் மூக்குத்தியும் போட்ட ஐயங்கார் மாமி, மேல்கோட்டைப் பூர்வீகம். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அங்கே யாரும் யூனிஃபார்மில் வரக் கூடாது. ரைட்டர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்தச் சட்டையில் அவர் யாருடைய சித்தப்பாவோ போல இருந்தார்.

மேடம் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். மண்டி மொஹல்லா ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்து அந்த டிரைவரையும் தேடிப் பிடித்து வந்திருந்தார். அவர் கைகட்டி நின்று, இந்தப் பெண் போட்ட கூச்சலால்தான் பிரேக்கை மிதித்தேன், இல்லாவிட்டால் நான் இன்று வேறு கோர்ட்டில் நின்றிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ரைட்டரும் விடவில்லை. கூச்சல் போட்டிருக்கலாம், அதற்காகத் திருடவில்லை என்று ஆகாது, அவளே திருடினேன் என்றாள், தமிழர் வாயில் அந்த எழுத்து அழுத்தமாகத்தான் வரும், இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முழுமனதாக நம்பிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மேடம், பெஞ்ச் அனுமதித்தால் குழந்தையை ஒரு கேள்வி கேட்கிறேன் என்றார். மாஜிஸ்திரேட் சரி என்றார். மேடம் என் பக்கம் திரும்பி, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

இவ்வளவுதான் கேள்வி. எனக்கு வாய் ஏழு வாரமாகப் பூட்டிக் கிடந்தது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வார்டன் அம்மா பின்னால் இருந்து, சொன்னபடி மன்னிப்புக் கேட்டுவிடு என்று கண்ணால் கெஞ்சினார். மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும். வாயைத் திறந்து சாப்பாட்டைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மேடம் மறுபடி கேட்கவில்லை. காத்திருந்தார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

“ராகி முத்தெ,” என்றேன்.

இதைப் படிக்கும்போது தவம் செய்து கிடைக்கும் சித்தியை நினைத்துக்கொண்டு படியுங்கள். அத்தனை மெத்தென்று, ஒரு கன்னடத்துக்காரி சொல்வது போலச் சொன்னேன். சமையல்கார அக்கா குழம்பை நிறுத்தி வைத்துக் கற்றுக்கொடுத்த ‘த்தெ’ அல்லவா? மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். ரைட்டரின் முகம் மாறியது. அந்த எழுத்து வராத வாய் இல்லை இது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

இப்போது அன்றைக்கு ஸ்டேஷனில் சொன்னதை அப்படியே சொல் என்றார் மாஜிஸ்திரேட்.

“நானு கத்தெ.”

அழுத்தமான ‘த்தெ’. அவர் என்னையும் ரைட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. கன்னடத்தில் அழுத்திக் ‘கத்தெ’ என்றால் கழுதை. இந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தால், நான் ஒரு கழுதை என்றல்லவா வாக்குமூலம் இருந்திருக்கும், அதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை என்று ரைட்டரைக் கேட்டார். அறையே சிரித்தது. சர்க்கார் சிரிப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அங்க என்னடீ பண்ணினே? தமிழ்லயே சொல்லு, பயப்படாதே,” என்றார்.

“கத்துனேனுங்க. பாப்பா ஆட்டோவுக்குப் பின்னாடி குந்தியிருந்தாளுங்க. வண்டி பின்னாடி வந்துச்சுங்க. கத்துனேன். கொலுசை நான் தொடவே இல்லீங்க.”

ஏழு வாரப் பேச்சும் அந்த ஒரு மூச்சில் வந்துவிட்டது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்காத்துலயும் கொழந்தைகள கத்தாதேன்னுதான் அதட்டறோம். இந்தக் காகிதத்த நானே ரெண்டு தடவை படிச்சேன். கன்னடத்துல எழுதியிருந்துதா, நேக்குத் தோணவே இல்லை,” என்றார். ஒரு பெரிய மனுஷி எனக்கு முன்னால் வெட்கப்பட்டதைத் தாங்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

கொலுசு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. எனக்காகக் கிடைத்துத் தொலைத்திருக்கலாம் என்று ரொம்ப நாள் அதன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது யோசித்தால் அது கிடைக்காததே நல்லது. கிடைத்திருந்தால் கொலுசு கிடைத்ததால் தப்பித்தவள் என்பீர்கள். நான் என் வாயால் தப்பித்தவள்.

மாஜிஸ்திரேட் உத்தரவைச் சொல்லச் சொல்லக் கிளார்க் டைப் அடித்தார். மேடம் என் காதருகே குனிந்து ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னார். குற்றம் எதுவும் இல்லை. அந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது. இனி இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் அவர்கள் பாஷை தெரிந்தவரை வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். அக்காவும் தங்கையும் ஒரே ஹோமில், ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைசி வரியை மேடம் இரண்டு தடவை சொன்னார். நான் மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன். வார்டன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ரைட்டர் வெளியே வராந்தாவில் என்னை நிறுத்தினார். என் காது தப்பு செய்துவிட்டது என்று கன்னடத்தில் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, ஆனால் அவர் கண் கீழே பார்த்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அவர் கையில் அப்போதும் பேனாவும் ஒரு காகிதமும் இருந்தன, ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

தங்கையை உள்ளே விடவில்லை. காம்பவுண்டின் அந்தக் கோடியில் சமையல்கார அக்காவோடு நின்றிருந்தாள். கேட்டுக் கம்பியில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவில் போகும் பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வராந்தாச் சுவரில் சத்தம் போடக் கூடாது என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு எனக்குக் கன்னடம் வந்திருந்தது, படித்தேன். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

ஆபீஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. தங்கை கம்பியிலிருந்து குதித்து என்னை நோக்கி ஓடிவந்தாள். ரைட்டர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.